தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்!
"ஹைதர் கலாபம்" என்ற சொல்லின் கதை

ஊரில் ஓர் அடிதடி நடக்கிறது. தட்டிக் கேட்க ஆள் இல்லை. போலீசார் வரவில்லை. அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. உடனே நம் வாயில் என்ன வருகிறது?

"இது என்ன காட்டு தர்பாரா?" என்கிறோம். கொஞ்சம் படித்தவர்கள் "அராஜகம்" என்பார்கள். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் "காட்டாட்சி" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு விடுகிறோம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இதற்கு வேறு ஒரு சொல் உண்டு. "ஹைதர் கலாபம்" என்பார்கள். பாட்டிமார் காலக் கணக்குச் சொல்வதற்கே இந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். அது கலாபத்துக்கு முன்னால் நடந்தது, இது கலாபத்துக்குப் பின்னால் நடந்தது என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

கலாபம் என்றால் மயில் தோகை என்று ஒரு பொருள் இருக்கிறது. இது அந்தக் கலாபம் அல்ல. கலகம் என்ற பொருளில் வரும் கலாபம். மலையாளத்தில் இன்றைக்கும் கலவரத்துக்கு இதுதான் சொல். 1921-ம் ஆண்டு மலபாரில் நடந்த கலவரத்தை அவர்கள் "மலபார் கலாபம்" என்றே எழுதுகிறார்கள்.

ஹைதர் அலி மைசூரை ஆண்டவர். 1780-ம் ஆண்டில் பெரும் படையோடு தமிழ்நாட்டுக்குள் இறங்கினார். அந்தக் காலத்தில் நடந்த கொள்ளை, தீ, பஞ்சம் எல்லாம் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டன.

ஊரைக் கெடுத்தவர் அவர் ஒருவர்தானா? இதைத் தெரிந்துகொள்ள நாம் தஞ்சாவூருக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, எளாவூருக்குப் போனால் போதும்.

எல்லைச் சாலை

எளாவூர் சென்னையில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் போக வேண்டும். கல்கத்தா நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ரெயில் பாதையும் இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். எளாவூர் என்றதுமே "செக்போஸ்ட்" என்பார்கள். இங்கிருந்து சற்று வடக்கே போனால் ஆரம்பாக்கம். அதற்கு அப்பால் தடா. அது ஆந்திரம்.

இந்த எல்லைக்கோடு பழையது அல்ல. 1953-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி படாஸ்கர் தீர்ப்புப்படி ஊர்கள் கைமாறின. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இருக்கும் சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று.

கோடுதான் புதிது. சாலை மிகப் பழையது. குண்டூர், நெல்லூர், கும்மிடிப்பூண்டி, சென்னை என்று படைகளும் வணிகர்களும் நடந்த வழி அது.

சாலைக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அங்கே டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டில் கோட்டை கட்டினார்கள். துணி ஏற்றுமதி செய்தார்கள். சண்டையும் பஞ்சமும் வந்த காலங்களில், விலைக்கு வந்த மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள். அது தனிக் கதை. ஒரு பகுதியில் கேட்பார் இல்லாமல் போனால் முதலில் விலை போவது யார் என்பதற்காக அதை இங்கே சொன்னோம்.

ஆற்றங்கரையில் நின்ற படை

1780-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி கும்மிடிப்பூண்டிக்கு ஒரு படை வந்து சேர்ந்தது. ஆங்கிலக் கம்பெனியின் படை. ஏறக்குறைய 2,800 பேர். தலைமை தாங்கியவர் கர்னல் பெய்லி. குண்டூரில் இருந்து வந்தார்கள்.

காஞ்சிபுரத்தில் தளபதி மன்றோவின் பெரும்படையோடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுக்கு வந்த உத்தரவு. மறுநாள் கொசஸ்தலை ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. அன்றே இறங்கிக் கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார் பெய்லி.

இரவில் வெள்ளம் வந்துவிட்டது!

ஒரு வாரத்துக்கு மேல் ஆற்றைக் கடக்க முடியவில்லை. ஹைதருக்கு அந்த நாட்கள் போதுமானதாக இருந்தன. மகன் திப்புவை அனுப்பி வழியை மறித்தார். செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. இடையே துணைக்கு வந்து சேர்ந்த வீரர்களும் தப்பவில்லை. பெய்லி பிடிபட்டார். இரண்டு வருடம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அந்த ஊரில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் பெரிய சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

இத்தனைக்கும் மன்றோ காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். பத்து மைலுக்குள் இருந்தும் உதவிக்கு வரவில்லை. பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

போர்க் கதை இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இத்தோடு முடிந்துவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படைக்குக் குண்டூரில் என்ன வேலை?

குத்தகைக்குள் குத்தகை

குண்டூர் அப்போது ஐதராபாத் நிஜாமின் தம்பி பசாலத் ஜங்கின் கையில் இருந்தது. 1779-ம் ஆண்டில் கம்பெனியார் அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எடுத்துத் தாங்களே ஆண்டார்களா? இல்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள். குண்டூருக்குப் போன கம்பெனிப் படை ஹைதரின் எல்லைக்குள் புகுந்து போகப் பார்த்தது. அவருக்கு ஏற்கனவே கோபம். 1769-ம் ஆண்டில் அவர் சென்னைப் பரங்கிமலை வரை வந்து நின்றபோது, "எதிரி வந்தால் ஒருவருக்கொருவர் துணை" என்று கம்பெனியார் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தபோது அந்தத் துணை வரவில்லை. அதற்கும் மேலே, 1779-ல் அவருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்த மாஹி துறைமுகத்தையும் கம்பெனியார் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் ஹைதர் கிளம்பினார். காரணம் இல்லாமல் வந்த பேய்மழை அல்ல அது.

சரி, ஆற்காட்டு நவாப் யார்? பெயருக்கு இந்த நாட்டு அரசர். சென்னைச் சேப்பாக்கம் மாளிகையில், கம்பெனியின் கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அவரைச் சுற்றிக் கடன்! கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள். கம்பெனியில் வாங்குவது சின்னச் சம்பளம். நவாபிடம் வாங்குவதோ கொள்ளை வட்டி. அதில் பேர்போனவர் பால் பென்பீல்டு என்பவர்.

நவாபால் பணமாகக் கொடுக்க முடியவில்லை. என்ன செய்தார்? "இந்தச் சீமையின் வரியை நீயே வசூல் செய்துகொள்" என்று எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவன் வரி வசூலிக்கிறவனாக மாறினான். அவன் ஆள் ஊருக்குள் வந்து நெல்லை அளந்துகொண்டு போனான்.

பழவேற்காட்டில் இருந்து தெற்கே விரிந்த செங்கல்பட்டுச் சீமைக்கு "ஜாகீர்" என்று பெயர். 1763-ம் ஆண்டில் நவாப் அதைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி அதை அவருக்கே திரும்பவும் குத்தகைக்கு விட்டது. 1780 வரையில் இப்படித்தான். சொந்தக்காரன் கம்பெனி. குத்தகைக்காரன் நவாப். அவருக்குக் கீழே உள்குத்தகைக்காரர்கள். ஏரிக்கரை உடைந்தால் மண் கொட்டுவது யார்? இவனைக் கேட்டால் அவனைக் கை காட்டுவான். ஆனால் களத்தில் நெல் குவிந்ததும் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

வேலியும் பயிரும்

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். காவல்காரர்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் போலீஸ் கிடையாது. ஆனால் காவல் இருந்தது. ஊருக்குத் தலையாரி உண்டு. பல ஊர்களுக்குச் சேர்த்துக் காவல் பார்க்கப் பாளையக்காரர் உண்டு. அறுவடையில் அவர்களுக்குப் பங்கு. சாலையில் போகும் வணிகர்களிடமும் காவல் பணம். பதிலுக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. திருட்டுப் போனால் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தைத் தாங்களே ஈடுகட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான்! இன்றைக்கு நம் வீட்டில் சைக்கிள் திருடு போனால் யாராவது ஈடு கொடுக்கிறார்களா?

மேலே ஆள்பவன் யார் என்று தெரியாத நிலை வந்ததும் இந்த ஏற்பாடு கெட்டது. பாளையக்காரர்கள் காவல் பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், பொறுப்பை விட்டுவிட்டார்கள். பணம் தராத ஊரில் திருட்டுப் போனது. வேலியே பயிரை மேய்ந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர் இந்த அத்துமீறல்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவரும் கம்பெனியின் வரியைக் கறாராக வசூலித்தவர்தான். ஆகவே அவர் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நவாபின் ஆள், நவாபுக்குக் கடன் கொடுத்தவனின் ஆள், குத்தகைக்காரன், பாளையக்காரன், படைக்கு மாடும் தானியமும் கேட்டு வரும் சிப்பாய். அத்தனை பேரும் ஒரே உழவனின் வாசலில்!

"தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்" என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். அதைச் சற்று நின்று பாருங்கள். சட்டம் ஒழுங்கு கெட்ட காலத்தைப் பற்றிய பழமொழி அது. அப்படியானால் "தடி எடுத்தவன் எல்லாம் திருடன்" என்றுதானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. தண்டல்காரன் என்றால் வரி தண்டுகிறவன். கெட்ட காலம் என்பது ஆள்பவன் இல்லாத காலம் அல்ல, வசூல் செய்பவன் பெருத்துப் போன காலம் என்கிறது இந்தப் பழமொழி. சென்னையில் இன்றும் தினவட்டிக் கடனுக்குத் "தண்டல்" என்றே பெயர் வழங்குகிறது. நவாபின் கதையைக் கேட்டபிறகு அந்தச் சொல்லும் காதில் வேறு மாதிரி விழுகிறது.

தீ வைத்தது உண்மை

அதற்காக ஹைதர் நல்லவர் என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. 1780-ம் ஆண்டு ஜூலையில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். சென்னைக்குத் தானியம் போகக் கூடாது என்பது அவருடைய போர்த் தந்திரம். அதற்காகச் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தினார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மனிதர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தஞ்சைச் சீமைக்குள் அவர் படை புகுந்தபோது அங்கேயும் இதே கதை.

1812-ம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கை என்ற பெரிய அறிக்கையில் ஜாகீரின் கோலம் சொல்லப்பட்டிருக்கிறது. பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக எலும்புகளும், எரிந்துபோன வீடு, சத்திரம், கோவில் இவற்றின் மொட்டைச் சுவர்களும்தான் மிஞ்சியிருந்தனவாம்.

தப்பியவர்கள் சென்னைக்கு ஓடினார்கள். அங்கே பஞ்சம். 1782-ம் ஆண்டில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வடசென்னையில் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். அந்த இடத்தை ஒட்டி வளர்ந்ததுதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய சென்னைவாசிகள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியாமலேயே பலர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

1782-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி ஹைதர் இறந்தார். 1784-ம் ஆண்டு மார்ச்சில் மங்களூரில் சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. கம்பெனிக்கும் திப்புவுக்கும் கணக்குத் தீர்ந்தது. நவாபின் கடன்காரர்களுக்கு மட்டும் தீரவில்லை. அந்தக் கடன்களுக்கு உத்தரவாதம் தருவது என்ற பேச்சு லண்டன் வரை போனது. 1785-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் எழுந்து நீண்ட சொற்பொழிவு செய்தார். ஹைதரின் தீயை வருணித்தார். அந்தத் தீயை மூட்டக் காரணமானவர்கள் இந்த வட்டிக்காரர்களே என்று குற்றம் சாட்டினார். பர்க் தோற்றார். கடன்காரர்களுக்குப் பணம் கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது? கர்நாடகச் சீமையின் வரியில் இருந்து!

ஆக, எரிந்த ஊரின் உழவன், தன் ஊர் எரியக் காரணமாக இருந்த கடனுக்கும் வட்டி கட்டினான். ஆனால் "பென்பீல்டு கலாபம்" என்று யாரும் சொல்வதில்லை. குதிரையில் வந்தவனின் பெயர் நினைவில் நிற்கிறது. கணக்குப் புத்தகத்தோடு வந்தவனின் பெயர் மறந்துபோகிறது.

வங்காளத்துத் தாலாட்டு

வங்காளத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. "வர்கி" என்பார்கள். 1741 முதல் 1751 வரை மராட்டியக் குதிரைப்படை வங்காளத்தைச் சூறையாடியது. அந்தக் குதிரைக்காரர்கள்தான் வர்கிகள். இன்றைக்கும் வங்காளத் தாய்மார் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடும் ஒரு தாலாட்டில் வர்கி வருகிறான். அந்தப் பாட்டின் வேடிக்கை, இல்லை, வேதனை என்ன தெரியுமா? வர்கி வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, உடனே குருவி நெல்லைத் தின்றுவிட்டதே, வரியை எப்படிக் கட்டுவது என்று அந்தத் தாய் கவலைப்படுகிறாள். கொள்ளைக்காரனும் வரிக்காரனும் ஒரே மூச்சில் வருகிறார்கள்.

அமெரிக்காவில் இதே கதைக்குச் சாயம் பூசினார்கள். அங்கே மேற்குப் பகுதியில் வெள்ளையர் குடியேறிய காலத்தை "வைல்டு வெஸ்ட்" என்கிறார்கள். முரட்டு மேற்கு என்று பொருள். 1883-ம் ஆண்டில் பஃபலோ பில் என்பவர் இந்தப் பெயரில் ஊர் ஊராகக் குதிரைக் காட்சி நடத்தி டிக்கெட் விற்றார். அந்தக் காலம் முழுதாக முடிவதற்குள்ளேயே வேடிக்கையாகிவிட்டது. 1890-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், இனி எல்லைப்புறம் என்று ஒன்று இல்லை என்று அரசாங்கமே அறிவித்தது. நிலத்தைப் பறிகொடுத்த செவ்விந்தியர்கள் அந்தக் காட்சியில் கூலிக்கு நடித்தார்கள்.

அந்தச் சாயம் நம் வரைக்கும் வந்தது. "கங்கா"வில் ஜெய்சங்கர் கௌபாய்த் தொப்பியோடு குதிரை ஏறியது 1972-ம் ஆண்டில். "இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்" வந்தது 2010-ம் ஆண்டில். பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டட்டும், சினிமாதானே! அரசியல் மேடையில் இதே மாதிரிச் சொல் வரும்போதுதான் சங்கடம்.

சாக்கடையில் பிறந்த சொல்

"ஜங்கிள் ராஜ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பீகார்த் தேர்தல் வந்தால் போதும். 2005-ம் ஆண்டில் இருந்து 2025-ம் ஆண்டுவரை இந்தச் சொல் மேடைதோறும் முழங்கியிருக்கிறது. கொலை, ஆள் கடத்தல் என்றுதான் நம் நினைவுக்கு வரும். அந்தக் குற்றங்கள் நடந்ததும் பொய்யல்ல.

ஆனால் 1997-ம் ஆண்டு ஆகஸ்டில் பாட்னா உயர்நீதிமன்றம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது கொலை வழக்கில் அல்ல. பாட்னா நகரில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்குகிறது, சாக்கடை அள்ள ஆள் இல்லை என்ற வழக்கில்தான். வரி வாங்குகிறீர்கள், சாக்கடையை யார் பார்ப்பது என்ற கேள்வியில் இருந்து பிறந்த சொல் அது. மேடைக்குப் போனபோது சாக்கடையைக் காணோம். ஒரு கட்சியைத் திட்டும் வசைச் சொல்லாக மட்டும் நின்றுவிட்டது. ஹைதர் கலாபத்துக்கு நேர்ந்ததும் இதேதான்.

மறுபடியும் எளாவூருக்கு வருவோம். விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் 2017-ம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் போயின. போக்குவரத்துத் துறையும் போலீசும் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஆந்திர அதிகாரிகள் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி வடக்கே கடத்தப்படுகிறது, கஞ்சா தெற்கே கடத்தி வரப்படுகிறது என்ற செய்திகளும் ஓயவில்லை. இது 1780 அல்ல. கோர்ட்டு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. ஆகவே எல்லையில் ஒரு லாரி பிடிபட்டதும் "காட்டாட்சி" என்று தலைப்புப் போடுவது சுலபமே தவிர, நியாயம் ஆகாது.

அரிசி லாரி பிடிபட்ட செய்தியில் மூட்டைக் கணக்கு இருக்கிறது. லாரி நம்பர் இருக்கிறது. டிரைவர் எந்த ஊர் என்பதும் இருக்கிறது. அந்த மூட்டை எந்தக் கடைக்காக, எந்தக் கிடங்கில் இருந்து, யார் கையெழுத்தில் வெளியே வந்தது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.